டிக்கித் தரைக்குக் கீழே: சீகிரியாப் பாதைக்கு எந்த ஸ்பெயார் வீல்?

கார் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் செய்கிற சில காரியங்கள் உண்டு. கதவைச் சாத்திச் சத்தம் கேட்பார்கள். ஏசியைப் போட்டுக் கையை நீட்டிப் பார்ப்பார்கள். எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டு, அதை நம்பலாமா என்று கூட வந்தவரிடம் மெதுவாகக் கேட்பார்கள். டிக்கியைத் திறந்து எத்தனை பெட்டி போகும் என்றும் கணக்குப் போடுவார்கள். அந்த டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கிப் பார்ப்பவர்கள்தான் குறைவு. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மறுபடி திறந்த பிறகு எங்கள் குடும்பத்திலும் நண்பர்கள் வட்டத்திலும் பலர் கார் வாங்கினார்கள், இருந்ததை மாற்றினார்கள். மாத்தளையில் இருந்துகொண்டு சீகிரியா, ஹபரணைப் பக்கம் அடிக்கடி ஓடுகிறவன் என்பதால் என்னிடம் வருகிற கேள்வி ஒன்றுதான்: "முழு ஸ்பெயார் வீல் போடுவதா, அந்தச் சின்னச் சில்லே போதுமா?" தனித்தனியாகப் போனில் சொல்லி முடியவில்லை. விரிவாக இங்கே எழுதிவிடுகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு, பெட்டிகளோடு, தம்புள்ளைக்கு அப்பால் ஓடப்போகிற காருக்கு மற்ற நான்கு சில்லும் என்ன அளவோ அதே அளவில் ஐந்தாவது ஒன்று வேண்டும். எப்படிப் பார்த்தாலும் இடமில்லை என்றால் சின்னச் சில்லு. இரண்டும் இல்லாமல், டயர் ஓட்டையை அடைக்கும் திரவப் போத்தலை மட்டும் நம்பி இந்தப் பக்கம் வர வேண்டாம்.

சின்னச் சில்லு என்று நான் சொல்வது ஸ்பேஸ் சேவர் என்று விற்கப்படும் ஒல்லியான இரும்புச் சில்லை. மஞ்சள் நிறத்திலோ கறுப்பிலோ இருக்கும், மேலே 80 என்று எழுதிய எச்சரிக்கை ஒட்டி இருக்கும். டயரின் பக்கத்தைப் பார்த்தால் அளவு T என்ற எழுத்தில் தொடங்கும். தற்காலிகப் பாவனைக்கு மட்டும் என்பதன் அடையாளம் அது. எவ்வளவு சின்னது என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். இங்கே ஓடுகிற சிறிய ஹைபிரிட் கார்கள் பலவற்றில் இருக்கும் அளவு 175/65R15. 15 அங்குல றிம் 381 மில்லிமீற்றர். மேலும் கீழும் டயரின் உயரம் சேர்ந்தால் மொத்த விட்டம் ஏறக்குறைய 608. அதற்குப் பதிலாக T125/70D15 அளவிலான சின்னச் சில்லை மாட்டினால் விட்டம் 556தான். காரின் அந்த மூலை 26 மில்லிமீற்றர் இறங்கிவிடும். முழுச் சில்லு ஒரு கிலோமீற்றருக்குச் சுமார் 523 தடவை சுற்றினால் சின்னது 572 தடவை சுற்றும். ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் செருப்புமாக நடப்பது போலத்தான் கார் ஓடும்.

இனி பாதையைப் பற்றி. மாத்தளையில் இருந்து நாலந்தா, நாவுல வழியாகத் தம்புள்ளை வரை ஏ9 வீதி. அங்கிருந்து ஏ6இல் ஏறி இனாமலுவச் சந்தியில் வலது பக்கம் திரும்பினால் கிம்பிஸ்ஸ தாண்டிச் சீகிரியா, சந்தியில் இருந்து 10 கிலோமீற்றர் அளவு. எல்லாம் கார்ப்பட் வீதி, குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் நாட்டில் நெடுஞ்சாலைக்கு வெளியே காருக்கு அனுமதித்த வேகமே 70 கிலோமீற்றர், ஊர்மனைக்குள் 50. ஆகவே சின்னச் சில்லில் எழுதியிருக்கும் 80 என்ற எல்லை இந்தப் பாதையில் உங்களைத் தடுக்கப் போவதில்லை. இணையத்தில் பிற நாட்டுக்காரர்கள் இந்த விடயத்தைப் பற்றிச் சண்டை போடுவதெல்லாம் பெரும்பாலும் வேகத்தை வைத்துத்தான். நமக்கு அது பெரிய பிரச்சினை அல்ல.

நம் பிரச்சினை கார்ப்பட் முடிகிற இடத்தில் தொடங்குகிறது. சீகிரியாவைச் சுற்றித் தங்குமிடங்கள் பெரும்பாலும் உள்ளே, குளக்கரைகளிலும் தோட்டங்களுக்கு நடுவிலும் இருக்கின்றன. அங்கே போகும் வழி செம்மண்ணும் கிரவலும். மழை கழுவிக்கொண்டு போன இடங்களில் கல் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று கார்ப்பட்டின் ஓரம். எதிரே பெரிய பஸ் வரும்போது இடது பக்கச் சில்லை நாம் வீதிக்கு வெளியே இறக்கிவிடுகிறோம். அந்த ஓரத்தில் மண் அரித்துப் போய்க் கார்ப்பட் கத்தி போல நிற்கும். இறங்கும்போது ஒன்றும் ஆகாது. மறுபடி ஏறும்போது டயரின் பக்கவாட்டு அதில் உரசும். ஆணி குத்தினால் டயரின் நடுவில் ஓட்டை விழும், ஐந்து நிமிடத்தில் திரி போட்டு அடைத்துவிடுவார்கள். பக்கவாட்டில் வெட்டு விழுந்தால் அந்த டயரின் கதை முடிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிற பகுதி அது. அங்கே போட்ட ஒட்டு நிற்காது, நல்ல டயர்காரர் யாரும் அதைப் போடவும் மாட்டார்.

போன வருடம் திருச்சியில் இருந்து மாமா மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். மாமியும் கூட. சீகிரியாக் குன்றில் ஏற மாமிக்கு முடியாது, ஏறக்குறைய 1200 படி. ஆனால் தூரத்தில் இருந்தாவது சூரியன் எழும்போது அந்தக் குன்றைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். மற்றவர்கள் பக்கத்தில் இருக்கும் பிதுரங்கலக் குன்றில் ஏறுவதாகவும், மாமியை அடிவாரத்தில் தெரிந்தவர் கடையில் இருத்துவதாகவும் ஏற்பாடு. விடியமுன் இருட்டில் தங்குமிடத்தில் இருந்து கிரவல் பாதையால் வந்துகொண்டிருந்தோம். பின்பக்கம் இடது சில்லில் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு வண்டி இழுக்கத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் கட்டை விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. உள்ளே நூல் தெரிந்தது.

"மச்சான், ஸ்டெப்னி எங்க வச்சிருக்க?" என்றபடி அவன் டிக்கியைத் திறந்தான். பெட்டிகளை இறக்கிச் செம்மண்ணில் விரித்த பாயில் வைத்தோம். கீழே படுத்திருந்தது 175/65R15 முழுச் சில்லு. போன் வெளிச்சத்தில் மாற்றினோம். ஜக் மண்ணில் புதையாமல் இருக்க ஒரு பலகைத் துண்டு எப்போதும் வைத்திருப்பேன். அன்று அது இல்லாவிட்டால் ஜக் மண்ணுக்குள் இறங்கியிருக்குமே தவிரக் கார் எழும்பியிருக்காது. மாமி குடையை ஊன்றிக்கொண்டு காட்டுப் பக்கம் டோர்ச் அடித்துக் காவல் நின்றார். பிதுரங்கலையில் ஏறி முடித்து, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நேரே திருகோணமலைக்கு ஓடினோம். சீகிரியாவில் இருந்து ஹபரணை, கந்தளாய் வழியாக நூறு கிலோமீற்றருக்கு மேல். கோணேஸ்வரத்தில் மாலைப் பூசை பார்த்தோம். பயணம் ஒரு நாள்கூடக் கலையவில்லை.

அன்று கீழே சின்னச் சில்லு இருந்திருந்தால்? மாற்ற எடுக்கும் நேரம் அதேதான். பிதுரங்கல அடிவாரம் வரை போயிருப்போம். அதன் பிறகு திருகோணமலைப் பக்கம் திரும்ப முடியாது. தம்புள்ளைக்குத் திரும்பிப் போய், கடை திறக்கும் வரை இருந்து, அதே அளவில் டயர் இருக்கிறதா என்று தேடி, போட்டுக்கொண்டுதான் மறுபடி புறப்பட வேண்டும். இந்த வித்தியாசத்தைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். சின்னச் சில்லு உங்களை டயர்க் கடைக்குக் கொண்டு போகும். முழுச் சில்லு நீங்கள் போக நினைத்த இடத்துக்குக் கொண்டு போகும். டயர்க் கடை பக்கத்திலேயே இருக்கிற ஊர்களில் இரண்டும் ஒன்றுதான். தம்புள்ளைக்கு அப்பால் அப்படி அல்ல.

டயர்க் கடை என்று சொல்லும்போதும் கவனம் வேண்டும். ஒட்டுப் போடுகிற கடை இனாமலுவப் பக்கமும் உண்டு, ஹபரணையிலும் உண்டு. உங்கள் அளவில் புது டயர் வைத்திருக்கிற கடை வேறு. தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி லொறிகள் இரவெல்லாம் வந்து போகின்றன, அதனால் அங்கே டயர் வேலைக்கு ஆள் பிடிப்பது சுலபம். ஆனால் லொறி டயர் இருக்கிற கடையில் எல்லாம் சிறிய ஹைபிரிட் காரின் டயர் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. நான் வழமையாகப் போகிற தம்புள்ளைக் கடை முதலாளி அந்த வெட்டுப்பட்ட டயரைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஒட்டுக்கு ஆள் எந்தச் சந்தியிலயும் கிடைப்பான். டயர் எல்லாச் சந்தியிலயும் கிடைக்காது." வருடக்கணக்காக வீதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் சொல்வது.

சித்திரைப் புத்தாண்டை நினைத்துப் பாருங்கள். நாடே வாகனம் எடுத்துக்கொண்டு சுற்றுகிற காலம் அது. ஏப்ரல் 13, 14இலும் அதை ஒட்டிய நாட்களிலும் கடைகளில் வேலை செய்கிறவர்கள் தத்தம் ஊருக்குப் போய்விடுவார்கள்; சிங்கள வீடுகளிலும் தமிழ் வீடுகளிலும் சுபநேரம் பார்த்துத்தான் மறுபடி வேலை தொடங்குவார்கள். டயர் வெட்டுப்பட வாய்ப்பு அதிகம், டயர் வாங்க வாய்ப்பு குறைவு. போயா நாள், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அதன் சிறிய வடிவங்கள். அந்த நாட்களில் சின்னச் சில்லோடு மாட்டிக்கொண்டவர் இரண்டு, மூன்று நாள் அதே சில்லில் ஓட வேண்டி வரும். அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதன் ரப்பர் மெல்லியது, பூ ஆழமில்லாதது, அகலம் குறைவு. ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை இந்தப் பக்கம் கொட்டுகிற மழையில் பிரேக் பிடிக்கும்போது வீதியைப் பிடிக்கும் ரப்பர் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஜப்பானில் இருந்து வந்த கார் வைத்திருப்பவர்கள் அடுத்த பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள். அக்வா, பிட், வெசல், வேகன் ஆர் என்று நம் வீதிகளை நிறைத்திருக்கும் ஜப்பான் உள்நாட்டு மொடல்களில் பெரும்பாலானவற்றில் ஸ்பெயார் வீலே கிடையாது. தரைப் பலகையைத் தூக்கினால் ஒரு சிறிய கம்ப்ரசரும் ஒரு திரவப் போத்தலும் இருக்கும். அந்த நாட்டு நகரங்களுக்கு அது சரி. கூப்பிட்டால் உதவி வரும், வீதியில் கல் நீட்டிக்கொண்டிருக்காது, எடை குறைந்தால் எரிபொருளும் மிச்சம். அந்தத் திரவம் டயரின் தரையில் படும் பகுதியில் ஆணியோ திருகாணியோ குத்திய சிறு ஓட்டையை அடைப்பதற்கு. பக்கவாட்டு வெட்டுக்கு ஒரு பயனும் இல்லை. போத்தலில் காலாவதித் திகதி ஒன்று அச்சிட்டிருக்கும், ஜப்பான் மொழிக்கு நடுவில் அந்த எண்களை மட்டும் தேடிப் படியுங்கள். 2013, 2014இல் செய்த காரோடு வந்த போத்தல் எப்போதோ காலாவதியாகி இருக்கும். மாமா மகனுக்கு இது புதிய செய்தி இல்லை. இந்தியாவிலும் 2020இல் விதியைத் திருத்தி, காற்றழுத்தம் காட்டும் கருவியும் டயர் அடைக்கும் பெட்டியும் டியூப் இல்லாத டயரும் உள்ள கார்களுக்கு ஸ்பெயார் வீல் கட்டாயம் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். சட்டம் கேட்காவிட்டாலும் பாதை கேட்கும். போத்தல் மட்டும் உள்ள காருக்கு முதலில் செய்ய வேண்டிய செலவு ஒரு சில்லு. சின்னதோ பெரிதோ, ஒன்று.

சின்னச் சில்லின் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மையான நியாயம். என் தங்கை கண்டியில் ஆசிரியை. வீடு, பாடசாலை, டியூஷன், கோயில் என்று அவளுடைய ஓட்டம் முழுக்க ஊருக்குள்தான். அவள் காரில் சின்னச் சில்லு போதும் என்று நானே சொன்னேன். முழுச் சில்லை விட ஐந்து கிலோ அளவு எடை குறைவு. தனியாக நிற்கிற ஒருவர் குனிந்து தூக்கி, போல்ட்டுக்கு நேராகப் பிடித்து மாட்டும்போது அந்த ஐந்து கிலோ பெரிய விடயம். முழங்கால் வலி உள்ளவர்கள், வயதானவர்கள், தனியாக ஓட்டுகிற பெண்கள் இதை யோசிக்க வேண்டும். மாட்ட முடியாத முழுச் சில்லை விட மாட்ட முடிகிற சின்னச் சில்லு எவ்வளவோ மேல். காரின் எடையைத் தாங்க அது போதாது என்று சிலர் பயமுறுத்துவார்கள், அது சரியில்லை. சரியான அளவும் சரியான காற்றும் இருந்தால் தாங்கும்.

தற்காலிகச் சில்லு ஏதோ இந்தக் காலத்துக் கம்பனிகளின் சிக்கனம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சிறு செய்தி. 1904இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில் டேவிஸ் சகோதரர்கள் ஸ்டெப்னி என்ற பெயரில் விற்கத் தொடங்கிய ஸ்பெயார் வீலே ஒரு தற்காலிக ஏற்பாடுதான். ஆரக் கம்பிகள் இல்லாத வெறும் றிம்மில் காற்றடித்த டயர். காற்றுப் போன சில்லைக் கழற்றாமலே அதன் பக்கத்தில் கவ்விப் பிடிக்க வைத்து ஓட்டிப் போவார்கள். சில்லையே கழற்றி மாட்டும் வசதி பரவிய பிறகுதான் ஐந்தாவது முழுச் சில்லு வழமையாயிற்று. பிறகு 1960களின் கடைசியில் அமெரிக்காவில் பி.எப். குட்றிச் கம்பனி மடித்து வைத்துக் காற்றடித்துக்கொள்ளும் டயரை ஸ்பேஸ் சேவர் என்று கொண்டுவந்தது. இப்போதைய ஒல்லிச் சில்லுகள் அதன் பின் வந்தவை.

நம் வீதியில் தொழிலுக்காக ஓடுகிறவர்களைப் பாருங்கள். மின்னேரியாவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் சபாரி ஜீப்புகள் முழுச் சில்லோடுதான் ஓடுகின்றன. கேடிஎச் வான்களில் பின்பக்கம் அடியில் முழுச் சில்லு தொங்கும். சேறும் துருவும் பிடித்து இறங்காமல் போகாதபடி இடையிடையே இறக்கிப் பார்த்துக்கொள்வது நல்ல சாரதியின் பழக்கம். முச்சக்கரவண்டியிலும் மூன்று சில்லுக்கும் ஒரே அளவு, கூட வைத்திருப்பதும் அதே அளவு. வீதியில் நின்றால் வருமானம் நின்றுவிடும் என்று தெரிந்தவர்கள் யாரும் இந்தப் பக்கம் சின்னச் சில்லை நம்பி ஓடவில்லை.

சரி, முழுச் சில்லு வாங்குவது என்று முடிவெடுத்தால் எப்படி வாங்குவது? காரோடு வந்தது போன்ற அலோய் தேவையில்லை. பாவித்த இரும்புச் சில்லு ஒன்று போதும். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும், கண்டி, குருணாகல் பக்கத்து றிம் கடைகளிலும் கிடைக்கும். போல்ட் இடைவெளி பொருந்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சிறிய கார்கள் பலவற்றுக்கு நான்கு போல்ட், 100 மில்லிமீற்றர்; வெசலுக்கு ஐந்து போல்ட், 114.3. பலர் பார்க்காமல் விடுவது நடுத் துளை. டொயோட்டா சிறிய கார்களுக்கு அது 54.1 மில்லிமீற்றர், ஹொண்டா பிட்டுக்கு 56.1. போல்ட் கணக்கு ஒன்றாக இருந்தும் அக்வாவின் சில்லு பிட்டில் ஏறாது, நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். பிட்டின் சில்லு அக்வாவில் ஏறும், ஆனால் நடுவில் இடைவெளி விட்டு உட்காரும். ஆகவே உங்கள் கார் மொடலின் சில்லையே கேட்டு வாங்குங்கள்.

நட்டுகளையும் பாருங்கள். அலோய் சில்லுக்கு வரும் நட் சில கார்களில் இரும்புச் சில்லின் குழியில் சரியாக உட்காராது. வாங்கிய அன்றே வீட்டு முற்றத்தில் ஒரு தரம் மாட்டி, இறுக்கி, ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். நான்கு சில்லையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாலும் நல்லதுதான். டயர்க் கடையில் காற்று இயந்திரத்தால் இறுக்கிய நட் கையால் கழருமா என்பது அப்போதுதான் தெரியும். கழராவிட்டால் நீளமான ஸ்பானர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னச் சில்லுக்கென்று செய்த குழியில் முழுச் சில்லு அடங்காது, தரைப் பலகை சில விரற்கடை உயரும். அதன் கீழே ஸ்பொஞ்சுத் துண்டுகளை வைத்து மட்டம் பண்ணிக்கொள்ளலாம். டிக்கியில் கொஞ்ச இடம் போகும். ஒரு பெட்டி குறையும் என்று தயங்குகிறவர்களுக்கு நான் கேட்பது இதுதான்: சின்னச் சில்லை மாட்டிய பிறகு, கழற்றிய முழுச் சில்லை எங்கே வைப்பீர்கள்? அது சின்னதன் குழிக்குள் போகாது. சேறும் கிரவலுமாக அந்தச் சில்லு உங்கள் பெட்டிகளுக்கு மேலேதான் உட்காரும், டிக்கி சாத்தாவிட்டால் பின் இருக்கைக்கு வரும். ஹைபிரிட் கார் பலவற்றில் பெரிய பற்றரிக்குக் காற்று போகும் துளை பின் இருக்கைப் பக்கம் இருக்கிறது. சில்லையோ பெட்டியையோ வைத்து அதை மூடிவிட்டால் பற்றரி சூடேறும். எந்த வகைச் சில்லு வைத்திருந்தாலும் ஒரு பழைய சாக்கும் ஒரு சோடிக் கையுறையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னச் சில்லோடுதான் ஓடப் போகிறீர்கள் என்றால் இரண்டு விடயம். அதற்குக் காற்று 60 பிஎஸ்ஐ, அதாவது 420 கிலோபஸ்கல். சாதாரண டயருக்குப் போடும் 32, 33 போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எடுத்துப் பார்க்காமல் வருடக்கணக்கில் கிடந்தால் காற்று இறங்கிவிடும். இறங்கிய சின்னச் சில்லு இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. அடுத்தது மாட்டும் இடம். நம் சிறிய கார்களில் என்ஜின் இழுப்பது முன் சில்லுகளை. முன் சில்லில் காற்றுப் போனால் சின்னதை அங்கே நேரே மாட்டாமல், பின்னால் இருக்கும் முழுச் சில்லொன்றைக் கழற்றி முன்னுக்குக் கொண்டுவந்து, சின்னதைப் பின்னால் மாட்டுவதே முறை. இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்றுகிற சுமை அப்போது டிபரன்ஷலுக்கு வராது, ஸ்டியரிங்கும் பிரேக்கும் நேராக வேலை செய்யும். இதன் பொருள், இருட்டில் நின்று ஒன்றுக்குப் பதில் இரண்டு சில்லைக் கழற்ற வேண்டும் என்பது. முழுச் சில்லுக்கு இந்தத் தொல்லையே இல்லை. நான்கு சில்லும் இழுக்கிற வாகனம் வைத்திருப்பவர்கள் சின்னச் சில்லை இன்னும் கவனமாக யோசிக்க வேண்டும், அளவு வித்தியாசம் அங்கே நடுவில் இருக்கும் இணைப்பையே தேய்க்கும்.

எந்தச் சில்லாக இருந்தாலும் வயதைப் பாருங்கள். டயரின் பக்கத்தில் டொட் என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் கிழடாகும், இங்கத்தைய வெயிலில் டிக்கிக்குள் இன்னும் சீக்கிரம். பத்து வருடம் தாண்டியதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள். 2020க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாட்டில் டயர் தட்டுப்பாடு வந்த காலத்தில் ஸ்பெயார் வீலின் டயரைக் கழற்றி வீதியில் ஓடுகிற சில்லுக்குப் போட்டு, தேய்ந்ததை உள்ளே வைத்தவர்கள் பலர். பாவித்த கார் வாங்குகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

யானையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாது. இனாமலுவவில் இருந்து ஹபரணை போகிற ஏ6இலும், ஹபரணையில் இருந்து மின்னேரியா போகிற ஏ11இலும், சீகிரியாவுக்குத் திரும்புகிற வீதியிலும் அந்தி சாய்ந்தால் யானை வீதியோரம் நிற்கும். ஓகஸ்ட், செப்டெம்பரில் மின்னேரியாக் குளத்தைத் தேடிக் கூட்டமாக வரும். அந்த இடங்களில் இருட்டில் காற்றுப் போனால் இறங்கிச் சில்லு மாற்ற வேண்டாம். அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு, மெதுவாக, வெளிச்சமும் ஆளும் உள்ள கடை வாசல் வரை ஓட்டிப் போங்கள். டயர் நாசமாகும், றிம்மும் வளையலாம். போகட்டும். அங்கே போய்த்தான் மாற்ற வேண்டும். இப்படி ஓட்டிய டயர் மறுபடி ஒட்டுக்கு உதவாது என்பதால், மாட்டுகிற சில்லிலேயே மிச்சப் பயணம் முழுவதும் போக வேண்டியிருக்கும். இந்தப் பாதைக்கு முழுச் சில்லு வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சீகிரியாவுக்குப் புறப்படுகிறவர்களே, யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தாலும் கொழும்பில் இருந்து வந்தாலும், பெட்டிகளை ஏற்றுமுன் டிக்கித் தரையைத் தூக்கிப் பாருங்கள். முழுச் சில்லு இருந்தால் மற்ற நான்குக்கும் போடும் காற்றை விட மூன்று, நான்கு கூட்டி அடித்து வையுங்கள், கிடக்கும்போது இறங்குவதற்கு அது ஈடாகும். சின்னது இருந்தால் 60 இருக்கிறதா என்று பாருங்கள். போத்தல் மட்டும் இருந்தால், இந்தப் பயணத்துக்கு மட்டுமாவது அதே மொடல் கார் வைத்திருக்கிற நண்பரிடம் ஒரு சில்லை இரவல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.